கூகை பிடித்தால் ஏன் விடாது?

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்துக்குள் மயிலும் காட்டுப்பன்றியும் வராமல் இருக்கப் பழைய நைலான் வலையைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். போன தை மாதம் ஒரு நாள் விடியற்காலையில் சித்தப்பா மகன் போன் செய்தான். "ண்ணா, சாக்குருவி ஒண்ணு வலையில மாட்டிக்கிச்சு, பாம்பு மாதிரி சீறுது, கிட்டப் போகவே பயமா இருக்கு." கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். நெஞ்சு வெள்ளை, முதுகு பொன்னிறம், இதய வடிவில் முகம். கூகைதான், ஊரில் சாக்குருவி என்று சொல்கிற ஆந்தை. ஒரு இறக்கை வலையில் முறுக்கிக்கொண்டு தொங்க, அது மல்லாந்து கிடந்து இரண்டு கால்களையும் எங்களை நோக்கி நீட்டி வைத்திருந்தது.

அவசரத்தில் வெறுங்கையை நீட்டினேன். வலது கால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அலகால் அது கொத்தவே இல்லை. நாம் எல்லோரும் பார்த்துப் பயப்படுவது அலகைத்தான், ஆனால் ஆந்தைக்கும் பருந்துக்கும் ஆயுதம் கால்தான், இரையைப் பிடிப்பதும் கொல்வதும் பெரும்பாலும் அதுதான். நான் விரலை இழுக்க இழுக்க நகம் இன்னும் உள்ளே போனது. அதற்குள் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். "விரலை இழுக்காதடா. அதோட காலைப் புடிச்சு நீட்டி விடு" என்றார். மடங்கியிருந்த காலை மெதுவாக நேராக்கியதும் பிடி தளர்ந்தது, நான்கு விரல்களும் விரிந்தன.

அன்று இரவெல்லாம் எனக்கு இதே யோசனை. காலை நீட்டினால் விரல் ஏன் திறக்க வேண்டும்?

விரல்களை மூடும் தசை பறவையின் பாதத்தில் இல்லை, மேலே காலில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் காலின் பின்பக்கமாக இறங்கி விரல் நுனி வரை போகின்றன. கால் மடங்கும்போது அந்தக் கயிறு மூட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் இழுபடுகிறது, விரல்கள் தாமாக உள்ளே மடங்குகின்றன. இது பாதிதான். மீதி விரலுக்குள்ளேயே இருக்கிறது. தசைநாணின் அடிப்பக்கம் சொரசொரப்பாகச் சின்னச் சின்ன முண்டுகள், அது நுழைந்து போகும் உறையின் உட்பக்கம் வரிவரியாக மேடுகள். விரல் எதையாவது அழுத்திப் பிடித்ததும் முண்டுகள் மேடுகளில் மாட்டிக்கொள்கின்றன. மூட்டையைக் கட்ட பிளாஸ்டிக் டேக் போடுகிறோமே, இழுத்தால் பல்லில் மாட்டிக்கொண்டு திரும்பி வராதே, கிட்டத்தட்ட அப்படி. மாட்டிய பிறகு பிடித்துக்கொண்டே இருக்கத் தசை பெரிதாகப் பாடுபட வேண்டாம். துள்ளுகிற எலியைக் காலில் வைத்துக்கொண்டு பறக்க வேண்டிய பறவைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். நான் விரலை இழுத்தது அதற்கு எலி துள்ளுவது மாதிரிதான் இருந்திருக்கும். காலை நீட்டியதும் கயிறு தளர்ந்தது, மாட்டியிருந்தது கழன்றது.

பறவையைத் தூக்கும் முறை முழுவதுமே இப்படி அதன் உடம்பிலிருந்துதான் வருகிறது. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்பக்கமாக வந்து, தலையோடு சேர்த்துப் போர்த்தினார். வெளிச்சம் மறைந்ததும் சீறல் பாதியாகக் குறைந்தது. துண்டுக்கு மேலாகவே இரண்டு இறக்கைகளையும் உடம்போடு அணைத்தார், பிறகு கையைக் கீழே விட்டு இரண்டு கால்களையும் பாதத்துக்கு மேலே ஒன்றாகப் பிடித்தார், நடுவில் தன் விரல் ஒன்றைக் கொடுத்து. விரல் கொடுக்காவிட்டால் இரண்டு காலும் ஒன்றோடொன்று உரசும், ஒரு காலின் நகம் இன்னொரு காலையே குத்திவிடும். அதற்குப் பிறகுதான் நான் வலையை ஒவ்வொரு இழையாக வெட்டினேன். வலையில் மாட்டிய பறவையை உருவி எடுக்கவே கூடாது, வலை போனால் போகட்டும் என்று வெட்ட வேண்டும்.

இன்னொன்று, நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு தசைத் தகடு இருக்கிறது, நாம் மூச்சு இழுப்பதில் பெரும் வேலை அதனுடையது. பறவைக்கு அப்படி ஒன்று இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும், வெளியே வரும். பறந்துவிடுமோ என்ற பயத்தில் நெஞ்சை அழுத்திப் பிடித்தால், மூக்கைத் தொடாமலேயே மூச்சை நிறுத்திவிடுகிறோம். நல்ல மனதோடு தூக்கிய கையிலேயே பறவை செத்துப்போவது இப்படித்தான்.

தூக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதன் எடை. பார்க்க ஒரு சேவல் அளவு இருக்கிறது, கையில் அரைக்கிலோ கூட இல்லை, மீதியெல்லாம் இறகுதான்.

தக்காளி கட்டும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே விட்டு மூடினோம். கோழிக்கூடு எதற்கும் உதவாது, கம்பியில் அடித்து இறகு ஒடியும். ஒடிந்த இறகு நகம் மாதிரி வளராது, பழையது உதிர்ந்து புதியது முளைக்கும் வரை அப்படியேதான் இருக்கும், அதுவரை வேட்டை எப்படி? வழுவழுப்பான அட்டையில் வெறுமனே நிற்க வைத்தால் கால் வழுக்கும், அதனால்தான் துணி. இருட்டு, அமைதி, துணி, அவ்வளவு போதும்.

அதற்குள் தோட்டத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் பாலாடையில் பால் கொண்டுவந்தார், இன்னொருவர் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் இரண்டுமே ஆபத்து. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கிறது. மேலே இருந்து ஊற்றுகிற தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். ஆந்தைகளுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பால், சோறு, பிஸ்கட் எதுவும் அதன் வயிற்றுக்கு உணவே இல்லை. அடிபட்டு அதிர்ந்துபோன பறவைக்குச் சில மணி நேரம் சாப்பாடு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டோம், ஆள் வரும் வரை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று பெரியப்பா எல்லோரையும் விரட்டினார்.

செல்போனில் படம் எடுத்த பையன்கள், "அண்ணா, எவ்ளோ சாதுவா உக்காந்திருக்கு" என்றார்கள். அது சாது இல்லை. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பிடிபட்ட ஆந்தை ஒடுங்கி அசையாமல் இருந்தால் பயத்தின் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அலகைச் சொடுக்குவதும், உடம்பைப் பெருக்கிக் காட்டுவதும், தலையைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டுவதும் போ என்ற மிரட்டல். கழுத்தைத் தடவினால் கண்ணை மூடுகிறதே, சுகமாக இருக்கிறது போல என்று வீடியோக்களுக்குக் கீழே எழுதுகிறார்கள். கண் மூடியதை வைத்து மட்டும் அப்படிச் சொல்லவே முடியாது, பயத்திலும் ஆந்தை கண்ணை மூடும்.

கண் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் கண் உருண்டை, குழிக்குள் உருளும். ஆந்தையின் கண் குழாய் வடிவம், அதைச் சுற்றி எலும்பு வளையம், ஏறக்குறைய அசையவே அசையாது. மங்கிய வெளிச்சத்தையும் அள்ளிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய கண்ணை அவ்வளவு சின்னத் தலையில் வைக்க அதுதான் வழி போலும். பகலில் கண் தெரியாது என்பது தவறு, நன்றாகவே தெரியும். அலகுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மங்கலாகத் தெரியும், அதை அலகைச் சுற்றியுள்ள மீசை மாதிரி இறகுகளால் தடவித் தெரிந்துகொள்கிறது.

கண் திரும்பாததால் கழுத்து திரும்புகிறது, ஒரு பக்கமாக 270 டிகிரி வரை. நமக்குக் கழுத்தில் 7 எலும்பு, ஆந்தைக்கு 14. எலும்பு கூட இருந்தால் மட்டும் போதாது, அந்த அளவுக்கு முறுக்கினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்கவோ கிழியவோ வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இறந்துபோன ஆந்தைகளின் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்பில் ரத்தக்குழாய் போகும் ஓட்டை அந்தக் குழாயைப் போலச் சுமார் 10 மடங்கு பெரிது, எலும்பு திரும்பினாலும் குழாய்க்கு விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. தலைக்குக் கிட்டே போகப் போகக் குழாய் விரிந்து ரத்தத்தைக் கொஞ்சம் தேக்கியும் வைத்துக்கொள்கிறது.

கூகைக்குக் கண்ணை விடக் காதுதான் பெரிது என்பேன். அந்த இதய முகம் அழகுக்கு இல்லை, முறம் மாதிரி சத்தத்தை அள்ளிக் காதுக்குள் தள்ளுகிறது. காது இரண்டும் ஒரே மட்டத்திலும் இல்லை, இடது காது மேலே இருந்து கீழ்நோக்கியும் வலது காது கீழே இருந்து மேல்நோக்கியும் திறக்கிறது. எலி வலது பக்கம் சரசரத்தால் வலது காதுக்குச் சத்தம் ஒரு துளி நேரம் முந்தி வரும், அதை வைத்து இடமா வலமா என்று கண்டுபிடிக்கிறது. எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்பதை வைத்து மேலா கீழா என்று கண்டுபிடிக்கிறது. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து பெயர் பெற்றவர், கும்மிருட்டு அறைக்குள் கூகையை விட்டு, சத்தத்தை மட்டும் கேட்டே அது எலியைப் பிடிக்கும் என்று காட்டினார். இப்போது யோசியுங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பத்துப் பேர் பேசுவது அந்தக் காதுக்கு எப்படி இருக்கும்.

வெளிநாட்டில் கையுறை மேல் ஆந்தை உட்கார்ந்திருக்கிற படத்தைக் காட்டி, அது மட்டும் எப்படி என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் அதற்கென்றே மையங்கள் உண்டு, அங்கே இருப்பவை பெரும்பாலும் கூண்டில் பிறந்து மனிதர் கையில் வளர்ந்தவை. காலில் தோல்வார் கட்டியிருப்பார்கள். பறக்கவிடும் பறவையை நாள்தோறும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் கைக்குத் திரும்பி வருவதற்குக் காரணம் இரைதான், பாசம் இல்லை. வயிறு நிறைந்த பறவை மரத்திலேயே உட்கார்ந்துவிடும், எடை அதிகம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து, இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்கு வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு ஆந்தையையோ பருந்தையோ பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

குஞ்சு விஷயத்தில்தான் நல்லவர்களே தவறு செய்கிறார்கள். கூகை முட்டைகளை இடைவெளி விட்டு இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும், அதனால் ஒரே கூட்டில் பெரிய குஞ்சும் சுண்டுக்குஞ்சும் சேர்ந்தே இருக்கும். பழைய கிணற்றுப் பொந்திலிருந்தோ மண்டபத்து மாடத்திலிருந்தோ ஒன்று விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கறி ஊட்டுகிறார்கள். ஆந்தை இரையை எலும்போடு விழுங்குகிற பறவை, வெறும் சதையை ஊட்டினால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் குஞ்சின் கால் வளைந்துபோகும். அதை விட மோசம், கண் திறந்து உலகத்தைப் பார்க்கிற அந்தக் காலத்தில் சோறு தருகிற முகத்தைத்தான் அது தன் இனமாக மனதில் பதித்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு ஆந்தையோடு ஜோடி சேரத் தெரியாது, மனிதனைக் கண்டு விலகத் தெரியாது, காட்டில் விடவும் முடியாது. காயம் இல்லை, கூடு எட்டுகிறது என்றால் திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள். மனிதன் தொட்ட வாசனைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

ராயக்கோட்டைப் பாறைகளிலும் கிரானைட் குவாரி விளிம்புகளிலும் வேறு கதை. அங்கே இருப்பது கொம்பன் ஆந்தை, ஒரு கிலோவுக்கு மேல் எடை, தரையிலேயே பாறை இடுக்கில் முட்டையிடும். அதன் காலோடு ஒப்பிட்டால் என் விரலைப் பிடித்த கூகையின் கால் எல்லாம் ஒன்றுமே இல்லை. அடிபட்டுக் கிடந்தால் தூரத்தில் நின்று, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள், அது போதும்.

காயமே இல்லாமல் சோர்ந்து உட்கார்ந்திருக்கிற ஆந்தையைக் கண்டால் எனக்கு முதலில் எலி மருந்து ஞாபகம்தான் வரும். மாந்தோப்பிலும் கொட்டகையிலும் வைக்கிற கேக் மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. எலி அதைத் தின்ற உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலிதான் கூகைக்கு எளிதாகக் கிடைக்கும். விஷம் எலியோடு அதன் வயிற்றுக்குள் போகிறது, உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது. இஸ்ரேலில் வயல்களில் பெட்டிக்கூடு வைத்துக் கூகைகளை எலிக்காகவே குடியமர்த்துகிறார்கள். நாம் இருப்பதையே கொன்றுகொண்டிருக்கிறோம்.

எங்கள் கூகைக்கு எலும்பு எதுவும் ஒடியவில்லை. வனத்துறையினர் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, மறுநாள் அதே தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதற்குத் தெரிந்த இடம் அதுதானே. பொழுது சாய்ந்த பிறகுதான் திறந்தார்கள். பகலில் விட்டால் காக்கைகள் சேர்ந்து கொத்தி விரட்டும், பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்பது நம்மிடம் பழைய சொல். பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று கழுத்தை ஒரு முறை பின்னால் திருப்பிப் பார்த்தது, பிறகு என் தலைக்கு மேலாகவே போனது. முகத்தில் காற்றுப் பட்டது, சத்தம் வரவில்லை. அதன் இறக்கையின் முன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசை இருக்கிறது, மேல்பக்கம் வெல்வெட் மாதிரி, பின் விளிம்பில் நூல் பிரிந்த மாதிரி ஓரம். மூன்றும் சேர்ந்து காற்றின் சலசலப்பை உடைத்துவிடுகின்றன.

காலிப் பெட்டியில் வேட்டித் துணி மேல் கறுப்பாக ஒரு உருண்டை கிடந்தது, கட்டைவிரல் அளவு. செரிக்காத முடியையும் எலும்பையும் ஆந்தை இப்படி உருட்டி வாய் வழியாகத் துப்பிவிடும். சித்தப்பா மகன் அதைக் கொட்டாங்குச்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, சீமாற்றுக் குச்சியால் பிரித்தான். முடிக்கு நடுவே இரண்டு எலி மண்டையோடுகள், ஒன்றில் மஞ்சள் நிற முன்பற்கள் அப்படியே இருந்தன. "ண்ணா, நம்ம தோட்டத்து எலிதான்" என்றான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, வலையைக் கழற்ற இரண்டு பேருமாகப் போனோம்.