கருப்புக் கோட்டு ஒண்ணுதான், வேலை நாலு

வக்கீலா என்ரோல் பண்ணி 18 வருஷம் ஆச்சு, பிராக்டிஸ் மதுரையில. ஜூனியர் பசங்களும் லா காலேஜ் பிள்ளைங்களும் என்னைப் பாத்தா கேக்கறது ஒண்ணுதான், "மேடம், நீங்க சிவிலா, கிரிமினலா?" ரெண்டும்தான். ஆபீஸ் வாடகை கட்டறது சொத்து வழக்கும் ஆக்சிடென்ட் கேஸும், அதுக்கு நடுவுல இலவச சட்ட உதவிக்கு கேஸ் நடத்தற வக்கீல்கள் பேனல்ல இருக்கேன், ஜெயிலுக்குப் போய் கைதிகளைப் பாக்கறேன், ரெண்டு தரப்பையும் பேச வச்சு வழக்கைத் தீக்கற சமரச மையத்துல மீடியேட்டரா உக்கார்றேன், ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு போக்சோ, அதாவது குழந்தைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற சட்டம் பத்தி பேசப் போறேன். இப்படி சிதறாதம்மா, ஒண்ணைப் பிடிச்சு மேல வான்னு வீட்டுல எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

நான் பேனல்ல சேந்ததுக்குக் காரணம் ஒரு அக்கா. ஜீவனாம்ச கேஸ், ரெண்டு வருஷமா வாய்தா வாய்தான்னு அலைஞ்சு, வக்கீலை மாத்தலாம்னு என்கிட்ட வந்தாங்க, வந்ததும் பர்ஸைத் திறந்து தோட்டை அடகு வச்சு வாங்கின பணத்தை மேஜை மேல வச்சாங்க. அக்கா, உங்களுக்கு கவர்மென்ட் செலவுலயே வக்கீல் உண்டுன்னு சொன்னப்ப அவங்க நம்பவே இல்ல. ரெண்டு வருஷத்துல ஒருத்தர் கூட அவங்ககிட்ட இதைச் சொல்லல. அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. 1987-ல வந்து 1995 நவம்பர் 9-ல இருந்து நடைமுறையில இருக்கற சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. பெண்கள், குழந்தைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிங்க, காவல்ல இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, மத்தவங்களுக்குத்தான் வருமான வரம்பு. வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்ல, கோர்ட் ஃபீஸ், காப்பி எடுக்கற செலவு எல்லாம் இதுலயே வரும். கேஸ் பாதியில இருந்தாலும் கேக்கலாம், அப்பீலுக்கும் கேக்கலாம். மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேர்ல போக முடியலன்னா 15100-க்கு போன் பண்ணுங்க.

ஜெயில்ல நிலைமை இன்னும் மோசம், அங்க இருக்கறவங்களுக்கு கேக்கணும்னே தெரியாது. பீகார் பாகல்பூர்ல போலீஸ் கைதிங்க கண்ணைக் குருடாக்கின வழக்குல 1980 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கைதி கேக்கலைங்கறதைக் காரணமா வச்சு சட்ட உதவியை மறுக்கக் கூடாது, உனக்கு இந்த உரிமை இருக்குன்னு மாஜிஸ்ட்ரேட்டே சொல்லணும்னு. ஆனாலும் நான் பாக்கப் போறப்ப, ஜாமீன் கிடைச்சும் ஷூரிட்டிக்கு, அதாவது அவனுக்காகப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட, ஆள் இல்லாம உள்ளயே கிடக்கற பையன் இருப்பான், அவங்க அம்மாவுக்கு அவன் எந்த ஜெயில்ல இருக்கான்னே தெரிஞ்சிருக்காது.

சிதறுறதுங்கறாங்களே, எனக்கு அப்படித் தோணல. ஜெயில்ல கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் பேச்சை குறுக்கிடாம கேட்டுப் பழகினதுதான் மீடியேஷன்ல கை கொடுக்குது. மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2005-ல சமரச மையம் தொடங்கினாங்க, நான் அதுக்கான 40 மணி நேர டிரெயினிங் எடுத்தது ரொம்ப பின்னாடி. முதல் கேஸ்லயே வக்கீல் புத்தியில யார் மேல தப்புன்னு நோண்டிட்டேன், ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்பல்லாம் ஜூன் மாசம் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டப் போறீங்கன்னுதான் ஆரம்பிப்பேன், அதுல இருந்து பேச்சு தானா நகரும். அங்க பேசினதை அப்புறம் கோர்ட்ல எடுத்து வைக்க முடியாதுங்கறதால ஜனங்க மனசு விட்டுப் பேசுவாங்க.

காசு பத்தியும் சொல்லிடறேன். பேனல் ஃபீஸ் குறைவுதான், அதை மட்டும் நம்பி குடும்பம் நடத்த முடியாது, அதனாலதான் சிவிலை விடாம வச்சிருக்கேன். முழுநேரமா இதையே பாக்கணும்னா 2022-ல விரிவாக்கின லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில் முறை இருக்கு, கிரிமினல் கேஸுக்கு மட்டும், மாசச் சம்பளம், வெளியில தனியா கேஸ் எடுக்கக் கூடாது.

பேனலுக்கு மூணு வருஷ பிராக்டிஸாவது வேணும். இன்னும் படிச்சிட்டிருக்கற பிள்ளைங்க அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், பிஎல்வின்னு சொல்ற சட்டத் தன்னார்வலரா இப்பவே சேரலாம், உங்க மாவட்ட ஆணைக்குழு செயலாளரைப் போய்ப் பாருங்க. ஆரம்பத்துல முக்கால்வாசி நேரம் மனு எழுதிக் கொடுக்கற வேலையாத்தான் இருக்கும், எழுதுங்க, எழுதினதை அவங்களுக்கு ஒரு தடவை வாசிச்சும் காட்டுங்க.