ஒரு ஈட்டு இட்லியும் ஏழாயிரம் பேரும்

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை. 2020 ஜூலையில் இங்கே நடந்த கொரோனா ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிடுவார்.

"ஒன்னேகால் கோடி சனம் இருக்க ஊரு தம்பி. ஏழாயிரம் பேரைப் பாத்துட்டு எல்லாருக்கும் கணக்குச் சொல்லுதாக. எங்கிட்ட யாரு வந்து கேட்டா?"

அந்தக் கணக்கெடுப்பை மாநகராட்சியும் நிதி ஆயோகும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. மும்பையின் 24 வார்டுகளில் மூன்றில் மட்டும் நடந்தது: எங்கள் மாட்டுங்கா பக்கத்து எஃப் நார்த், செம்பூரின் எம் வெஸ்ட், தஹிசரின் ஆர் நார்த். (தாராவியில் எடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தாராவி இருப்பது ஜி நார்த்தில்.) குடிசைப்பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் மற்ற இடங்களில் 16 பேருக்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கொரோனா வந்துபோனதற்கான தடயம், இருந்தது. ஆகவே கறாராகச் சொன்னால் இந்த எண்கள் அந்த மூன்று வார்டுகளுக்கு உரியவை. அந்த அளவில் அண்ணாச்சி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் "ஏழாயிரம் எப்படிப் போதும்?" என்ற கேள்வியில் அவர் தோற்றுப்போகிறார், அதுவும் சொந்த வாளியிடமே.

பத்துப் பேருக்கு வைத்த சாம்பாரானாலும் கல்யாண வீட்டு அண்டா சாம்பாரானாலும் உப்புப் பார்க்க ஒரே கரண்டிதான். அண்டா பெரிது என்று யாரும் ஒரு குடம் குடித்துப் பார்ப்பதில்லை. கணிதமும் இதைத்தான் சொல்கிறது. ஆம், இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வி. விடை ஐந்து விழுக்காடு முன்பின் இருக்கலாம், நூறு முறை எடுத்தால் 95 முறையாவது அந்த எல்லைக்குள் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேர் உள்ள இடத்தில் 370 பேரைக் கேட்டால் போதும். ஒரு லட்சம் பேருக்கு 383. ஒன்னேகால் கோடிக்கு 384. லட்சத்திலிருந்து கோடிக்குத் தாண்டியதற்குக் கூடுதலாக ஒரே ஒரு ஆள்! வேடிக்கை என்னவென்றால், சின்ன இடத்தில்தான் வலிக்கும்: 200 குடும்பம் இருக்கும் ஒரு சொசைட்டிக்கு 132 குடும்பங்களைக் கேட்டாக வேண்டும்.

உண்மையில் செலவு வைப்பது துல்லியம். பிழையைப் பாதியாக்க இரண்டு மடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். ஐந்து விழுக்காட்டை இரண்டரையாக்க 1,537 பேர். ஒன்றாக்க 9,604 பேர். தற்செயலாக எடுத்தவர்களில் சிலர் கணக்கை மேலே இழுப்பார்கள், சிலர் கீழே இழுப்பார்கள். ஒருவர் பிழையை இன்னொருவர் பிழை அடிக்கும். அப்படி அடிபட்டுப் போவது ஆட்களின் எண்ணிக்கைக்கு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடுகிறது.

இத்தனையும் சாம்பாரைக் கலக்கிவிட்டு எடுத்தால்தான். கலக்காத அண்டாவின் மேல்தண்ணியை எத்தனை கரண்டி குடித்தாலும் அடியில் கிடக்கும் பருப்பு தெரியாது. ஆய்வில் கலக்குவது என்றால் குலுக்கல்: ஊரில் யாராக இருந்தாலும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்வது எளிது. குலுக்குவதற்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டுமே! வாக்காளர் பட்டியலை எடுத்தால், ஓட்டுரிமையை ஊரிலேயே வைத்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறவன் அதில் இருக்கமாட்டான்.

பட்டியல் கையில் இருந்தாலும் கோட்டை விடலாம். எங்கள் கட்டடத்தில் 12 மாடி, மாடிக்கு நாலு வீடு. தண்ணீர் சரியாக வருகிறதா என்று கமிட்டி ஒருமுறை விசாரித்தது. 'நாலு வீட்டுக்கு ஒரு வீடு' என்று கணக்கு வைத்து 104, 204, 304 என்று வரிசையாக ஏறி, பன்னிரண்டு கதவையும் தட்டிவிட்டு, குறையே இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். 04 வீடுகள் எல்லாம் ஒரே மூலையில் ஒரே குழாயில் இருப்பவை. நான் 02. அன்றைக்கும் பக்கெட்டோடு நின்றிருந்தேன். ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று போயிருந்தால் 101, 202, 303, 404 என்று மூலை மாறி மாறி வந்திருக்கும். கேட்ட வீடு குறைந்தாலும் உண்மை கிடைத்திருக்கும்.

முன்கூட்டியே தெரிந்த வேறுபாட்டைக் குலுக்கலிடம் ஒப்படைக்கவும் கூடாது. குடிசைப்பகுதியும் அடுக்குமாடியும் வெவ்வேறு என்றால் இரண்டிலும் தனித்தனியே எடுத்து, பிறகு மக்கள்தொகைப் பங்குப்படி சேர்க்க வேண்டும். 57ஐயும் 16ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் 36.5, சரிபாதிப் பேர் குடிசையில் இருக்கும் வார்டுக்கு மட்டுமே பொருந்தும். வார்டில் பத்தில் ஏழு பேர் குடிசையில் இருந்தால் விடை 44.7, மூன்று பேர் என்றால் 28.3.

அடுத்தது அண்ணாச்சிக்கு நான் சொல்லாமலே தெரிந்த விஷயம். மாவு எப்படிப் புளித்திருக்கிறது என்று பார்க்க, ஒரே ஈட்டிலிருந்து நாலு இட்லி எடுத்துப் பிட்டுப் பார்த்துப் பயனில்லை. ஒன்று கல்லானால் மற்றதும் கல்தான். ஈட்டுக்கு ஒன்றாக நாலு எடுத்தால்தான் சங்கதி தெரியும். மனிதர்களும் அப்படியே. ஒரே சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் மும்பைக் கட்டடம்) குழாயும் கக்கூஸும் பொது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து அறைக்கும் வரும். அலைச்சலை மிச்சப்படுத்த ஆய்வாளர்கள் இருபது சால்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது பேரைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே சால்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு (ஒற்றுமையே இல்லை என்றால் 0, அச்சு அசல் என்றால் 1) 0.1 மட்டுமே என்றாலும், இருபதில் ஒருவர் போக மீதி 19ஐ அந்த 0.1ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.9. கேட்ட 400 பேரை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். கையில் நிற்பது 138 பேருக்குச் சமமான தகவல். செய்தித்தாள்கள் 400 என்று மட்டும் போடும்.

அடுத்து, பதில் தராதவர்கள் கதை. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிச் சீட்டு அனுப்பி, சுமார் 24 லட்சம் பதில் பெற்று, தோற்கப்போகிறவரை ஜெயிப்பார் என்று சொன்ன கதையைப் பாடப்புத்தகங்கள் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கின்றன. பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய பகுதி. மும்பைக் கணக்கெடுப்பிலும் திட்டமிட்டது 8,870 பேர், கிடைத்தது 6,936. மீதி இருபத்திரண்டு விழுக்காட்டினரின் ரத்தம் என்ன சொல்லியிருக்கும்? அவர்களுக்குப் பதிலாகக் கூடுதல் ஆட்களைப் பிடித்துப்போட்டு எண்ணிக்கையை நிரப்பலாம், ஓட்டை அடையாது.

இதை அண்ணாச்சியிடம் விளக்கியபோது அவர் கேட்டது, களப்பணியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. "காலைல பதினோரு மணிக்கு வந்தாகன்னா நான் சைக்கிள்ல இருப்பேன். வீட்டுல எங்க ஆத்தாதான் கதவைத் திறப்பா. அவகிட்ட கேட்டுட்டுப் போயிருவாகளா?"

போகக்கூடாது என்றேன். கதவைத் திறந்தவரிடம் கேட்பதை வழக்கமாக்கினால் கணக்கில் கிழவிகளும் இல்லத்தரசிகளும் நிரம்பிவிடுவார்கள். அதனால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரையும் எழுதிக்கொண்டு, யாரைக் கேட்பது என்பதை ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்வார்கள். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் கொடுத்த முறை. விழுந்தது அண்ணாச்சி பெயர் என்றால் ஆத்தாவிடம் கேட்கவும் கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தாவவும் கூடாது. திரும்ப வரவேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள், வேறொரு நேரத்தில்.

வாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னால தூங்கிட்டிருப்பேன்."