லக்: அதிர்ஷ்டமா, ஊழா, எழுமாறா?

பேஸ்பால் பற்றி ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் 'லக்' என்ற சொல் இரண்டு பத்திக்கு ஒருமுறை வந்துவிடும். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அதிர்ஷ்டம்' என்று எழுதிவிட்டுப் போகிறது. அகராதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால் எங்கோ இடிக்கிறது.

'லக்' ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொல் அல்ல. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் டச்சு, கீழ் ஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'லுக்', 'கெலுக்' என்று இரண்டு வடிவங்கள். சூதாடிகள் வாய் வழியாகத்தான் கடல் தாண்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பகடை உருட்டுகிறவனுக்குத் தேவைப்பட்ட சொல், பந்து உருளும் ஆட்டத்துக்கும் பொருந்திப் போனதில் வியப்பில்லை.

அதிர்ஷ்டத்தின் கதை நேர் எதிரானது. வடமொழியில் திருஷ்டம் என்றால் பார்க்கப்பட்டது, அதிருஷ்டம் என்றால் பார்க்கப்படாதது. பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளான வைசேஷிகமும் மீமாம்சையும் இதைத் தத்துவச் சொல்லாகவே கையாண்டன. செய்த வினையின் பலன் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருந்து, ஒருநாள் வந்து சேரும் என்பது அதன் பொருள். அதாவது காரணம் உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை. பகடையில் அப்படி எந்த வரவு செலவுக் கணக்கும் கிடையாது.

சரி, தனித்தமிழுக்குப் போவோம் என்றால் 'ஆகூழ்', 'போகூழ்' கிடைக்கின்றன. அழகான சொற்கள். ஆனால் இவை வரும் குறளையே பாருங்கள்: ஆகூழால் சோர்வில்லாத முயற்சி தோன்றும், போகூழால் சோம்பல் தோன்றும். இங்கே ஊழ் முயற்சியையே உண்டாக்குகிறது. பேஸ்பால்காரர்கள் லக் என்று சொல்வது, முயற்சியும் திறமையும் போக மிச்சம் இருப்பதை. இரண்டும் வேறு.

அந்த மிச்சம் எவ்வளவு பெரியது? ஒரு அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. இத்தனை ஆட்டத்தில் எல்லாம் சமமாகிவிடும் என்றுதான் தோன்றும். ஒரு காசை 162 தடவை பூவா தலையா என்று சுண்டிப் பாருங்கள். சராசரியாக 81 தலை விழும். ஆனால் 75 விழுந்தாலும் 87 விழுந்தாலும் காசில் கோளாறு என்று சொல்ல முடியாது. 30 பேர் ஆளுக்கொரு காசைச் சுண்டினால் ஒருவர் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்க மேஜர் லீகிலும் சரியாக 30 அணிகள்தான்.

2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 வென்று 69 தோற்றது. அந்தப் பருவம் முழுக்க அது எடுத்த ரன் 712, கொடுத்த ரன் 705. வெறும் 7 ரன் உபரி. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிட்டத்தட்ட வரும் என்பது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த சூத்திரம். அதன்படி 82 வெற்றிதான் வர வேண்டும். மீதி 11 எங்கிருந்து வந்தது? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றிருந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துக் கொடுக்க ஜிம் ஜான்சன் இருக்கிறார், அதனால்தான் என்று ரசிகர்கள் சொன்னார்கள். அவர் பெயரில் அந்த ஆண்டு 51 சேவ், அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள். மறு ஆண்டும் அதே ஜான்சன் 50 சேவ் எடுத்தார். அணியோ ஒரு ரன் ஆட்டங்களில் 20 வென்று 31 தோற்றது.

இதைப் போய் ஊழ் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 'தற்செயல்' ஓரளவு சரி. தன் செயலாக, யாரும் செய்யாமல் நடப்பது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அது போதும், ஒரு பருவத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லப் போதாது. 'ரேண்டம்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் 'சமவாய்ப்பு' கேட்க நன்றாக இருந்தாலும், 'சம' என்ற முன்னொட்டு குழப்புகிறது. வலுவான அணிக்கும் நோஞ்சான் அணிக்கும் வாய்ப்பு எங்கே சமம்? இலங்கைப் பாடநூல்களின் 'எழுமாறு' இன்னும் மேல். எழும் ஆறு, எழுகிறபடி, அவ்வளவுதான். நல்லது கெட்டது, சமம் சமமில்லை என்று எதையும் ஏற்றிச் சொல்லாத சொல். 'எழுமாற்று ஏற்ற இறக்கம்' என்றால் ஓரியோல்ஸின் அந்த 11 ஆட்டமும் அதற்குள் அடங்கிவிடும். பேச்சில் 'லக்கு' தாராளமாக இருக்கட்டும். நானே டிவி முன்னால் உட்கார்ந்து எழுமாறு என்று கத்துவதில்லை.

ஆனாலும் அதிர்ஷ்டத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாத ஓர் ஆட்டம் இருக்கிறது. 1924 உலகத் தொடர் (மேஜர் லீகின் கோப்பைக்கான இறுதித் தொடர்), ஏழாவது ஆட்டம், வாஷிங்டன். நியூயார்க் ஜயண்ட்ஸுடன் 3-3 என்று நின்று, 12ஆவது இன்னிங்ஸ். வாஷிங்டனின் மடி ரூயல் அடித்த பந்து நேரே மேலே எழும்பியது. பிடிக்கப் போன ஜயண்ட்ஸின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நிற்பவர்) ஹேங்க் கௌடி, தான் கழற்றிப் போட்ட முகமூடியிலேயே கால் சிக்கித் தடுமாறிக் கோட்டைவிட்டார். இது லக் அல்ல, கவனக்குறைவு. பிழைத்த ரூயல் அடுத்து, இரண்டாம் தளம் வரை ஓடவைக்கும் இரட்டை அடி அடித்தார். பிறகு எர்ல் மக்னீலி அடித்த பந்து தரையோடு மூன்றாம் தளத்துக்கு வந்தது. அங்கே நின்றவர் 18 வயது ஃப்ரெட் லிண்ட்ஸ்ட்ராம். குனிந்து அள்ள வேண்டிய பந்து. அது ஒரு கூழாங்கல்லில் பட்டது என்கிறார்கள். எகிறி, பையனின் தலைக்கு மேலே போய்விட்டது. ரூயல் ஓடி வந்தார், 4-3, கோப்பை வாஷிங்டனுக்கு.

கல் விஷயம் எழுமாறுதான், சந்தேகமில்லை. ஆனால் வாஷிங்டனுக்காகக் கடைசி நாலு இன்னிங்ஸ் பந்து வீசியவர் வால்டர் ஜான்சன். 1907 முதல் அதே அணி, பெரும்பாலும் தோற்கிற அணி, அதுதான் அவருடைய முதல் உலகத் தொடர். அதிலும் தொடங்கிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தார். ஜான்சன் மறுபடி தோற்பதைக் கடவுளுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை என்று, அன்றைக்குத் தோற்ற ஜயண்ட்ஸ் பந்துவீச்சாளர் ஜாக் பென்ட்லியே சொன்னதாக ஒரு கதை உண்டு. செய்த வினை, தங்கியிருந்த பலன், பின்னால் வந்து சேர்தல். பென்ட்லி தமிழர் என்றால் அந்த இடத்தில் 'அதிருஷ்டம்' என்றுதான் சொல்லியிருப்பார், அதன் பழைய பொருளிலேயே.