மிளகாய் மருந்தும் தைரொயிட் சுரப்பியும்

விசுவமடு, தருமபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மிளகாய்க்குப் பழ அழுகல் வந்தால் கரைத்து அடிக்கும் பங்கசுநாசினிகளில் மஞ்சள் தூளான மன்கோசெப்பும் ஒன்று. வெங்காயத்துக்கும் தக்காளிக்கும்கூட அது அடிக்கப்படுகிறது. குடித்தவரை உடனே சாய்க்கும் கடும் நஞ்சு அல்ல என்பதால் வெறுங்கையால் கலக்கவும் பலர் தயங்குவதில்லை. எனக்குக் கவலை தருவது அந்தத் துணிச்சல்தான்.

மன்கோசெப் ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து எதிலீன்தயோயூரியா என்ற சிறிய மூலக்கூறைத் தருகிறது. இது நீரில் எளிதில் கரையும். உடலுக்குள் போனதும் கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைரொயிட் சுரப்பியில் கைவைக்கிறது. அந்தச் சுரப்பி இரத்தத்திலிருந்து அயடீனை இழுத்தெடுத்து, பெரொக்சிடேசு என்ற நொதியின் உதவியால் புரதத்தோடு பிணைத்துத் தைரொக்சின் ஓமோனை ஆக்குகிறது. எதிலீன்தயோயூரியா முடக்குவது அந்த நொதியைத்தான். தைரொயிட் மிகையாகச் சுரப்பவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரையும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதை அளந்து, இரத்தம் சோதித்துக் கொடுக்கிறார்கள்.

தைரொக்சின் குறைந்தால் மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி அதை உணர்ந்து, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாக அனுப்புகிறது. வாய்க்காலின் நடுவே அடைப்பு இருப்பதை அறியாமல், கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று குளத்துத் துருசை மேலும் மேலும் திறப்பது போன்ற நிலை இது. தூண்டல் ஓயாததால் தைரொயிட் கலங்கள் பருத்துப் பெருகுகின்றன, சுரப்பி வீங்குகிறது. கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் மரபணுப் பிழைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் எதிலீன்தயோயூரியா ஊட்டப்பட்ட எலிகளுக்குத் தைரொயிட் கட்டிகள் வந்தன. சுண்டெலிகளில் கபச்சுரப்பியிலும் ஈரலிலும்கூட வந்தன.

எலிக்கு வந்தது நமக்கும் அப்படியே வரும் என்று சொல்லிவிட முடியாது. எலியின் இரத்தத்தில் தைரொக்சின் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். மனிதரில் அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். ஆகவே எலியின் சுரப்பி எப்போதும் நம்முடையதைவிடக் கடுமையாக உழைக்கிறது, எளிதில் கட்டியும் கொள்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் எதிலீன்தயோயூரியாவை மனிதரில் புற்றுநோய் ஏற்படுத்தும் என வகைப்படுத்தவில்லை.

ஆனால் கட்டி வரும்வரை காத்திருந்து பார்க்கும் விடயமல்ல இது. கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைரொக்சினை நம்பித்தான். அந்தக் காலத்தில் தாய்க்கு ஓமோன் குறைந்தால் பிற்பாடு ஈடுசெய்வது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் மன்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது, ஓமோன்களைக் குழப்பும் இயல்பும் கருவுக்கான ஆபத்தும் காரணங்களாக இருந்தன.

கர்ப்பிணிகள் மருந்து கலக்கவோ, அடித்த தோட்டத்தில் உடனே பழம் பிடுங்கவோ கூடாது. தெளிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். கொள்கலனை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவக்கூடாது. வீட்டில் மிளகாயையும் தக்காளியையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்: தோலில் ஒட்டியிருக்கும் மன்கோசெப்பில் ஒரு பகுதி அப்போது போய்விடும், கழுவாமல் கொதிக்கவிட்டால் அது எதிலீன்தயோயூரியாவாகக் கறிக்குள் இறங்கிவிடும்.