நாலாவது ஸ்நாப்பில் படுத்த கணிப்பு

2023 ஆகஸ்டில் எங்கள் அலுவலகக் கணிப்புத் தாளில் நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நேரே 11 வெற்றி என்று எழுதினேன். பேனாவால். ஆரன் ராட்ஜர்ஸ் அந்த அணிக்குக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவராக, வந்திருந்தார், தடுப்பாட்டம் ஏற்கெனவே வலுவானது, கணக்கு கச்சிதமாக இருந்தது. செப்டம்பர் 11, திங்கள் இரவு, கையில் அமெரிக்கக் கொடியோடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். அவருடைய நாலாவது ஸ்நாப்பில், அதாவது பந்து கைக்கு வந்து ஆட்டம் நகர்ந்த நாலாவது தடவையிலேயே, பஃபலோ அணியின் லெனர்ட் ஃபிளாய்ட் அவரைப் பிடித்துக் கீழே சாய்த்தார். எழுந்து நின்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநாண் அறுந்துபோயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22-16 என்று ஜெயித்தது. சீசன் முடிந்தபோது கையில் 7 வெற்றி, 10 தோல்வி.

நான் காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி. இனிமேல் நடக்கப்போவதற்கு விலை போடுவதுதான் பிழைப்பு. 45 வயதுக்காரர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் அவருக்கு அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவரைப் போலப் பத்தாயிரம் பேரைக் கொடுத்தால், எத்தனை பேருக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும் என்பதை ஓரளவு நெருங்கிவிடுவேன். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். சீசன் தொடங்குமுன் எல்லோரும் என்னிடம் கேட்பது அந்த ஒற்றை ஆளைப் பற்றிய கேள்விதான். ஒரே அணி, ஒரே சீசன், வெறும் 17 ஆட்டம்.

2025 சீசன் செப்டம்பர் 4 அன்று ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தம்பி. உறவில்லை, ஊர்ப்பழக்கம். அவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் 17 என்ற எண். பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது, கூடைப்பந்து அணி 82. அத்தனை ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். 17 ஆட்டத்தில் அதற்கு நேரமே கிடையாது. 2024 டிசம்பர் விடுமுறையில் இதை என் மகளுக்குக் காட்ட சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தேன். 32 வரி, ஒவ்வொன்றும் ஓர் அணி. ஒவ்வொரு வரிக்கும் 17 முறை பூவா தலையா. தலை விழுந்தால் வெற்றி. மொத்தம் 544 தடவை. பாதியில் என் மனைவி காசு சத்தம் தாங்காமல் மேசைமேல் துண்டை விரித்துவிட்டுப் போனாள். கடைசியில் எண்ணினால், ஒரு வரியில் 13 தலை. அந்த வரிக்கு மகள் சிகாகோ என்று பெயர் வைத்திருந்தாள். "ஏன் சிகாகோ மட்டும் இத்தனை ஜெயிச்சுது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அவங்க குவார்ட்டர்பேக் நல்லவர்ப்பா."

தொலைக்காட்சி நிபுணர்கள் செய்வதும் இதைத்தான். அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லா அணியும் அச்சாகச் சம பலம் என்றே வைத்துக்கொண்டாலும், 17 முறை சுண்டினால் 11 அல்லது அதற்கு மேல் தலை விழ ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. 32 அணியில் ஐந்து அணி எந்தத் திறமையும் இல்லாமலே 11 வெற்றியைத் தொடும். இன்னொரு ஐந்து அணி 6 அல்லது அதற்குக் கீழே விழுந்து, பயிற்சியாளரின் வேலை போகும். நிஜ அணிகள் சமம் இல்லை, வாஸ்தவம். ஆனால் சமத்தை நோக்கித் தள்ளவே லீகின் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025இல் அணிக்கு 27.92 கோடி டாலர். கடைசியில் வந்தவருக்கு டிராஃப்டில், அதாவது புது வீரர்களை எடுக்கும் முறையில், முதல் தேர்வு. 17 ஆட்டத்தில் 3 ஆட்டம் போன ஆண்டு தத்தம் பிரிவில் உங்களைப் போலவே அதே இடத்தில் முடித்த அணிகளோடு. 1990 முதல் ஒவ்வொரு சீசனிலும் முந்தைய ஆண்டு பிளே ஆஃபுக்கு வராத நாலு அணிகளாவது உள்ளே வந்திருக்கின்றன. ஆகஸ்டில் வெளியாகும் பட்டியல்களைப் பாருங்கள், பெரும்பாலும் போன ஆண்டுப் பட்டியலைக் கொஞ்சம் குலுக்கிப் போட்டதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கணிக்கவே முடியாதா? கொஞ்சம் முடியும். வெற்றி எண்ணிக்கையைப் பார்க்காமல், எடுத்த புள்ளியையும் விட்டுக்கொடுத்த புள்ளியையும் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் 2022 மினசோட்டா வைக்கிங்ஸ். 13 வெற்றி, 4 தோல்வி. ஆனால் சீசன் முழுக்க எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427! எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் 11, பதினொன்றையும் ஜெயித்தார்கள். இண்டியானாபொலிஸிடம் 33-0 என்று பின்தங்கி 39-36 என்று ஜெயித்த ஆட்டமும் அதில் ஒன்று. புள்ளிக்கணக்குப்படி அது எட்டு, ஒன்பது ஆட்டம் ஜெயிக்க வேண்டிய அணி. பிளே ஆஃபில் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயண்ட்ஸிடம் தோற்றது, அடுத்த ஆண்டு 7-10.

"பார்த்தீர்களா, சொன்னேன்" என்று அன்று அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். நேர்மையாகச் சொன்னால், அந்த 2023இல் அவர்களுடைய குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கும் பாதி சீசனில் குதிகால் தசைநாண் அறுந்தது. என் கணிப்பு பலித்ததில் என் கணக்குக்கு எவ்வளவு, அவர் குதிகாலுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2024இல் அதே அணி முதல் சுற்றில் எடுத்த இளம் குவார்ட்டர்பேக் சீசன் தொடங்குமுன்பே முழங்கால் காயத்தில் போனார். நான் 6 என்று எழுதினேன். சாம் டார்னல்ட் வந்து 14-3 என்று முடித்தார். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

2025 சீசனுக்கு அதே கண்ணாடியைக் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் மீது வைத்தேன். 2024 சீசனில் 15-2. நெருக்கமான ஆட்டங்கள் 11, அத்தனையும் வெற்றி. டென்வருக்கு எதிரான நவம்பர் ஆட்டத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். கடைசி நொடி, 35 கெஜ ஃபீல்டு கோல், கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் போட்டால் டென்வர் ஜெயிக்கும். லியோ செனால் உள்ளே பாய்ந்து பந்தைத் தடுத்தார், 16-14. சில அங்குலம் அந்தப் பக்கம் போயிருந்தால் 14-3. 385 எடுத்து 326 கொடுத்த அணிக்கு என் கணக்கு சுமார் 10 வெற்றிதான் தருகிறது. கடைசி ஆட்டத்தில் முக்கிய வீரர்களை உட்காரவைத்து 38-0 என்று தோற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் ஓர் ஆட்டம் கூட்டி 11 என்று எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே "8 முதல் 14" என்றும் எழுதியிருக்கிறேன். நண்பர்கள் சிரித்தார்கள், "இது ஒரு கணிப்பா?" என்று. இதுதான் கணிப்பு. ஒற்றை எண்ணை அடித்துச் சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்கிறார்.

இப்போது தம்பி. அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். மென்பொருள் வேலை, கணக்கில் புலி. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியபின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது சட்டப்படி நடக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலி போதும். ஒரு சீசன் தன் மாடலை வைத்து 100 ஆட்டத்தில் பந்தயம் கட்டினார். 56 சரி. "அண்ணா, இது அதிர்ஷ்டம் இல்ல, எக்செல்ல எல்லாம் இருக்கு" என்று அனுப்பினார்.

அங்கே பந்தயம் யார் ஜெயிப்பார் என்பதில் இல்லை, எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதில். அந்த எண்ணை இரண்டு பக்கமும் சரிபாதியாக வரும்படி வைக்கிறார்கள். யாருக்குக் காயம், எங்கே காற்று என்று உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 110 டாலர் கட்டினால் லாபம் 100 டாலர். அதாவது கை நஷ்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 சரியாக வேண்டும். தம்பிக்கு அந்த சீசனில் கிடைத்தது 760 டாலர். வெறுமனே பூவா தலையா போட்டுக் கட்டினாலும் நூறு பேரில் 13, 14 பேருக்கு 56 அல்லது அதற்கு மேல் சரியாகிவிடும். அந்தப் பதினான்கு பேரில் ஒருவராக இருந்ததைத் தம்பி தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த சீசன் தொகையைக் கூட்டினார். அப்புறம் பார்லே, நாலு ஆட்டத்தைக் கோத்து ஒரே பந்தயம். செயலி அதைத்தான் முகப்பிலேயே மின்னவிடும். நாலும் சரியாக வர 16இல் ஒரு வாய்ப்பு, கைக்கு வருவது போட்டதைப் போல 13.3 மடங்கு. ஒற்றைப் பந்தயத்தில் 100 டாலருக்கு நாலரை டாலர் போகும் என்றால் இதில் 17 டாலர் போகும். தம்பிக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நவம்பரில் கிரெடிட் கார்டில் 14,000 டாலர் கடன், வீட்டுக்குத் தெரியாது. ஏற்கெனவே முடிவு தெரிந்துபோன, 24 புள்ளி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தை இரவு பதினொன்றரைக்குக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்தது, எனக்கு அழைத்தாள்.

கணக்குத் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். என் தொழில் வட்டத்தில் பார்த்தவரை நிலவரம் தலைகீழ். தெரிந்தவர்தான் தோல்வியைப் பிழை என்று எண்ணி, மாடலைத் திருத்தி, மறுபடி கட்டுகிறார். போன பணத்தை மீட்கத் தொகையைக் கூட்டுவது, கார்டு அறிக்கையை மறைப்பது, யாரும் கேட்காத ஆட்டத்தை நள்ளிரவில் பார்ப்பது, இந்த மூன்றில் ஒன்று வீட்டில் தெரிந்தால் பேசிவிடுங்கள். திட்டினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார். அமெரிக்காவில் 1-800-426-2537 என்ற சூதாட்ட உதவி எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள், இலவசம், ரகசியம். தம்பி முதல் தடவை அழைத்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஏழு நிமிடம் பேசினார்.

2025இல் அவர் செயலியை அழித்துவிட்டு எங்கள் தாளில் சேர்ந்தார். கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்கித்தர வேண்டும், பந்தயம் அவ்வளவுதான். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் அணியில். அந்த வரியை நான் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சிகாகோவுக்கு 13 என்று மகள் எழுதச் சொன்னாள், அதையும் அவள் பெயரில் எழுதிவிட்டேன்.