ஏஆர்பி: எந்த முகவரி, யாருக்குத் 'தீர்வு'?

ஏஆர்பி என்றால் அட்ரஸ் ரெசல்யூஷன் புரோட்டோகால். இதை 'முகவரித் தீர்வு நெறிமுறை' என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. படித்தால் முகவரியில் ஏதோ தகராறு, அதைத் தீர்த்து வைக்கிறார்கள் என்பது போல இருக்கும். ரெசல்யூஷனுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு அவிழ்ப்பது, தளர்த்துவது என்று பொருள். புதிரை விடுவிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இங்கே புதிர் என்னவென்றால், ஒரு கணினிக்கு 192.168.1.20 என்ற ஐபி எண் தெரியும், ஆனால் ஈதர்நெட் கம்பியில் தரவை அனுப்ப அது போதாது, எதிரில் இருக்கும் பிணைய அட்டையின் 48 பிட் மேக் முகவரி வேண்டும். அதனால் "192.168.1.20 யாருடையது?" என்று பிணையம் முழுக்கக் கேட்கிறது. பெறுநர் மேக் முகவரி இடத்தில் பன்னிரண்டு இலக்கமும் எஃப் (பதினாறடிமான எண்முறையில் மிகப் பெரிய இலக்கம்). எல்லோருக்கும் போய்ச் சேரும், உரியவர் மட்டும் தன் மேக் முகவரியோடு பதில் சொல்வார். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வது சுருக்கமாக இதைத்தான்.

சரி, ஒரே பிணையத்தில் கணினிகளை இணைக்கும் பெட்டியான சுவிட்ச் இதில் எங்கே வருகிறது? சுவிட்ச் ஏஆர்பியைப் படித்துத்தான் முகவரிகளைக் கற்றுக்கொள்கிறது என்று நேர்காணலில்கூடச் சொல்கிறார்கள், அது தப்பு. சாதாரண சுவிட்சுக்கு ஐபி எண் எதற்கு? தன் போர்ட்டுக்குள் (கேபிள் சொருகும் இடம்) நுழையும் எந்தச் சட்டகமானாலும் (ஈதர்நெட்டில் தரவு போகும் பொட்டலம்) அதில் அனுப்புநர் மேக் முகவரியைப் பார்த்து, 'இவர் 7-ஆம் போர்ட்டில் இருக்கிறார்' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். புதிதாகச் சொருகிய கணினி பெரும்பாலும் முதல் வேலையாக டிஎச்சிபி (தனக்கு ஐபி எண் கேட்டு வாங்கும் நெறிமுறை), ஏஆர்பி என்று ஏதாவது கேட்டுவிடும், அதனால் சுவிட்சுக்கு அறிமுகம் தானாகக் கிடைத்துவிடுகிறது. பெறுநர் யாரென்று அட்டவணையில் இல்லாவிட்டால், வந்த போர்ட் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பிவிடும்.

ஆக அட்டவணை இரண்டு. ஐபிக்கு மேக் எது என்பது கணினியிலும் ரவுட்டரிலும். மேக்குக்குப் போர்ட் எது என்பது சுவிட்சில். இரண்டுக்கும் ஆயுள் வேறு. சிஸ்கோ ரவுட்டரில் ஏஆர்பி பதிவு வழக்கமாக 4 மணி நேரம் இருக்கும், சுவிட்சிலோ 300 நொடி சத்தம் இல்லாவிட்டால் பெயர் நீங்கிவிடும். வேறு பிணையங்களிலிருந்து ரவுட்டர் வழியாக யுடிபியில் (பெற்றதற்குப் பதில் அனுப்பத் தேவையில்லாத முறை) வரும் நிகழ்வுப் பதிவுகளை வாங்கி மட்டும் வைக்கும் ஒரு லாக் சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அது வாயே திறக்காது. ஐந்து நிமிடத்தில் சுவிட்ச் அதை மறந்துவிடும், ரவுட்டருக்கோ முகவரி நினைவிருப்பதால் மறுபடி கேட்காது, அப்புறம் அந்தப் பதிவுகள் முழுவதும் அந்த விலேனில் (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனிப் பிணையம்) இருக்கும் எல்லோருடைய போர்ட்டிலும் கொட்டும். பிணையம் ஏன் மந்தமாக இருக்கிறது என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்போம். ரவுட்டரின் ஏஆர்பி நேரத்தைச் சுவிட்சின் நேரத்தைவிடக் குறைத்து வைத்தால் பிரச்சினை அடங்கிவிடும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தெரிந்த எண்ணை வைத்துத் தெரியாத முகவரியை அறிவதால் 'முகவரி அறி நெறிமுறை' என்பதே என் தேர்வு. மேக் முகவரிக்கு 'வன்பொருள் முகவரி' பொருந்தும். சுவிட்சைச் சுவிட்ச் என்றே விட்டுவிடலாம். 'நிலைமாற்றி' என்றால் விளக்கு போடுவது என்றுதான் நினைப்பார்கள்.