அலைன்மென்ட் செய்தால் டயர் உரசுவது நிற்காது

“ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டி வண்டியோட உயரத்தை இறக்கியிருக்கேண்ணே, அலைன்மென்ட் மட்டும் பண்ணி விட்டுடுங்க” என்று கும்பகோணத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு ஐந்து பேராகக் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியவர். நின்று பார்த்தால் முன் டயர்கள் புதிதாகவே தெரிந்தன. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டயரின் உள் ஓரத்தில் கையை வைத்துத் தடவியபோது டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே வந்து விரலில் குத்தியது. அந்த டயர்கள் ஓடியிருந்தது ஆறாயிரம் கிலோமீட்டர்தான்.

அலைன்மென்ட் செய்துவிட்டால் டயர் தேய்வது, உரசுவது எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை எத்தனை முறை சொல்லியும் மாற்ற முடியவில்லை. ஆகவே எழுதியே வைக்கிறேன். அலைன்மென்ட் இயந்திரம் சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து காட்டும். திருத்துவது வண்டியில் இருக்கும் திருகுகளைக் கொண்டுதான். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் அப்படித் திருத்தக்கூடியது டோ ஒன்றுதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். வண்டியை இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வான கேம்பரைத் திருத்த, தனியாகக் கேம்பர் போல்ட் வாங்கிப் போட்டாலொழிய வழி கிடையாது. பின் அச்சு ஒரே பீமாக இருக்கும் வண்டிகளில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைக்காமல் டோவைக்கூடத் தொட முடியாது. இயந்திரத்தின் திரையில் டோ பச்சையாக மாறியதைப் பார்த்து நிம்மதியாகப் புறப்படுகிறவர்கள், பக்கத்திலேயே கேம்பர் சிவப்பாக நிற்பதைக் கவனிப்பதில்லை.

அதற்காக டோவை அலட்சியம் செய்துவிடலாகாது. டயரை வேகமாகத் தின்பது அதுதான். வண்டி இறங்கும்போது சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் சாய்வு மாறுவதால் டோவும் தானாகவே மாறிவிடும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வந்து சேர்வதற்குள் 350 மீட்டர் தேய்ந்திருக்கும்.

டயர் மட்கார்டில் உரசுவதற்கும் அலைன்மென்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது இடப் பற்றாக்குறை. 165 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றிவிட்டு 195 போட்டு, ரிம்மின் ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) 45-லிருந்து 35-க்கு மாற்றினால், டயர் வெளியே 25 மில்லிமீட்டரும் உள்ளே 5 மில்லிமீட்டரும் நகர்ந்து நிற்கும். காலியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பாலம் அசையாமல் நிற்க, அதை ஒட்டிய மண்மேடு அமுங்கிப் போகும் இடங்களில் ஐந்து பேரோடு ஏறி இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும். கேட்ட பிறகு சக்கரத்துக்கு மேலுள்ள லைனரை, அதாவது மட்கார்டின் உள் உறையைப் பாருங்கள். உரசிய இடம் கண்ணாடிபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்கு அருகில் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடும். இறக்கியே தீர வேண்டுமென்றால், உங்கள் வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி வண்டி படிந்த பிறகு, காற்றைச் சரிபார்த்துக்கொண்டு அலைன்மென்டுக்கு வாருங்கள். நான்கு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, டயரைச் சுற்றி விரல் நுழைகிறதா என்று நீங்களே பாருங்கள். மாதம் ஒரு முறை உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரில் ஓட்டக்கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு அன்று நான் அலைன்மென்ட் செய்யவில்லை. கம்பி தெரிந்த டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தவர், வாசலுக்குப் போய் வாடகை வண்டிக்குப் போன் செய்தார். இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஸ்பிரிங்கும் புது டயர்களும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்த பிறகே அலைன்மென்ட் செய்து கொடுத்தேன்.